கெஷியரைச் சந்தேகிக்கும் முன்னர்...

வியாபார நண்பர்களே, டொலர் விலை, வங்கி வட்டி, திரும்பி வரும் காசோலை என்று எமக்குப் பழக்கமான விடயங்களையே இந்தப் பத்தியில் வழமையாக எழுதி வருகிறேன். இந்த வாரம் கொஞ்சம் தூரம் போய், கொம்பியூட்டர் புரோகிராம் எழுதுகின்ற பிள்ளைகளின் மேசையில் இருக்கும் ஒரு கருவியைப் பற்றி எழுதப் போகிறேன். "இது எங்களுக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் கடையில் பில் போடும் மெஷின் ஒன்று இருந்தால், இது உங்கள் பணத்தைப் பற்றிய விடயம். உங்களிடம் வேலை செய்பவரின் மானத்தைப் பற்றிய விடயமும் கூட. பாடசாலைப் படிப்போடு கடைக்கு வந்து குந்திய எனக்கே விளங்கியது என்றால் உங்களுக்கு விளங்காமல் போகாது.

முதலில் என் கடையில் நடந்ததைச் சொல்லி விடுகிறேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மற்றவர்களுக்குப் பாடமாகட்டும்.

2024 ஏப்ரல் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டு சீசன் ஒன்றாகச் சேர்ந்தால் புடவைக் கடைக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கடையில் உள்ள எல்லாச் சாமானுக்கும் 10 வீதக் கழிவு என்று பெனர் கட்டினோம். எமது கடையில் பில் போடும் கொம்பியூட்டர்கள் மூன்று இருக்கின்றன. மென்பொருள் தந்த கம்பனிக்குச் சொன்னதும் ஒரு இளைஞரை அனுப்பினார்கள். விலைப் பட்டியலிலேயே 10 வீதத்தைக் குறைத்துவிட்டு, அதற்கேற்ற புதிய புரோகிராமை மெஷின்களில் போட்டார். இரண்டில் போட்டு முடித்தபோது கடையில் சனம் கூடிவிட்டது. மூன்றாவது மெஷினில் வரிசை நின்றது. "நாளைக்கு வந்து போட்டுத் தருகிறேன் நானா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாளை வரவே இல்லை. நானும் சீசன் அமளியில் மறந்து போனேன்.

மூன்றாவது மெஷினில் பழைய புரோகிராம் ஓடியது. அந்தப் பழைய புரோகிராம், பில்லின் மொத்தத் தொகையில் 10 வீதம் கழிக்கும். விலையோ ஏற்கனவே பட்டியலில் குறைந்துதான் வருகிறது. ஆகவே 5,000 ரூபா சாரி 4,500 ஆகி, அதற்கு மேல் இன்னுமொரு தடவை கழிந்து 4,050 ரூபாவுக்குப் போனது. வாடிக்கையாளர் யாரும் முறைப்பாடு சொல்லவில்லை. கூடுதலாக எடுத்தால் கடை வாசலில் சத்தம் போடுவார்கள். குறைவாக எடுத்தால் சிரித்த முகத்தோடு போய்விடுவார்கள். இதுதான் இந்த மாதிரியான பிழையில் உள்ள பெரிய ஆபத்து.

பன்னிரண்டாம் நாள் கணக்குப்பிள்ளை ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். மூன்று மெஷினுக்கும் தனித்தனிக் கணக்கு. "பில்லில் கொடுத்த கழிவு" என்ற நிரலில் இரண்டு மெஷினுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாவதில் பில்லுக்குப் பில் கழிவு. முகப்பு விலைக்கு 30 இலட்சம் ரூபா சாமான் அந்த மெஷினால் போயிருக்கிறது. 10 வீதம் கழித்தால் 27 இலட்சம் வந்திருக்க வேண்டும். வந்தது 24 இலட்சத்து 30 ஆயிரம். 270,000 ரூபாவைக் காணவில்லை.

அந்த மெஷினில் இருந்த பையன் என்னிடம் ஆறு வருடம் வேலை செய்தவன். வாப்பா இல்லாத பிள்ளை. கழிவு பட்டனை அழுத்தித் தெரிந்தவர்களுக்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறான் என்று முடிவு செய்தேன். ரிப்போர்ட் அப்படித்தானே சொல்கிறது? கொம்பியூட்டர் பொய் சொல்லுமா? மற்றப் பையன்கள் பார்த்துக்கொண்டிருக்க, "யார் யாருக்கெல்லாம் குறைத்துக் கொடுத்தாய்?" என்று கேட்டேன். அவன் "இல்லை முதலாளி" என்று மட்டும் சொன்னான். இரண்டாவது தடவை கேட்டபோது லாச்சித் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

பெருநாள் முடிந்த பின்னர்தான் கம்பனியிலிருந்து வேறொருவர் வந்து மெஷினைத் திறந்து பார்த்தார். புரோகிராம் தனக்குள்ளே ஒரு குறிப்பேடு எழுதிக்கொண்டே இருக்குமாம். அதில் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வரி இருந்தது. விலைப் பட்டியலும் இந்தப் புரோகிராமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது அந்த வரியின் கருத்து. ஏறத்தாழ 600 பில், ஏறத்தாழ 600 வரி. மெஷின் தன் நோயைத் தானே 600 தடவை சொல்லியிருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அன்று பின்னேரமே அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். அவனுடைய உம்மா தேநீர் தந்தார். அவனும் மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் திரும்பி வேலைக்கு வரவில்லை. இப்போது வேறு ஊரில் ஒரு கடையில் இருக்கிறான். அந்த 270,000 ரூபாவை அடுத்த சீசனில் உழைத்துவிட்டேன்.

மருமகன் காட்டிய திரை

என் சகோதரியின் மகன் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். "மாமா, உங்கள் கம்பனியில் புரோகிராம் எழுதினவருக்கு அது கடையில் எப்படி ஓடுகிறது என்று தெரிய வழியே இல்லையே" என்று சொல்லிவிட்டு, தன் லெப்டொப்பைத் திறந்து காட்டினான்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் அதை எழுதுவதற்கென்றே ஒரு மென்பொருளைப் பாவிக்கிறார்கள். அதைக் கோட் எடிட்டர் என்கிறார்கள். எமக்குப் பேரேடு எப்படியோ, தச்சனுக்குப் பட்டறை மேசை எப்படியோ, அப்படி அவர்களுக்கு அது. காலையில் திறந்தால் இரவுவரை அதற்குள்தான் சீவியம். 2015 இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட விசுவல் ஸ்டூடியோ கோட் இப்படியான எடிட்டர்களில் பெயர் பெற்ற ஒன்று. அதை இலவசமாகவே எடுத்துப் பாவிக்கலாம்.

மருமகனின் திரையில் கட்டளைகள் வரி வரியாக இருந்தன. அவற்றில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பகுதி. விலை பார்க்கும் பகுதி, கழிவு கணக்கிடும் பகுதி, காசு வாங்கும் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒவ்வொரு பகுதியின் தலைக்கு மேலும் பொடி எழுத்தில் மூன்று எண்கள் இருந்தன. நிமிடத்துக்கு எத்தனை தடவை இந்தப் பகுதி ஓடுகிறது, ஒரு தடவை ஓடுவதற்குச் சராசரி எவ்வளவு நேரம் எடுக்கிறது, நூற்றுக்கு எத்தனை தடவை பிழைத்துப் போகிறது என்பன அவை. அவன் ஒரு பகுதியைக் காட்டி, "இது இந்த நேரத்தில் வெளிநாட்டில் ஒரு வாடிக்கையாளரிடம் ஓடிக்கொண்டிருக்கிறது" என்றான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மாறியது.

இது எப்படி நடக்கிறது என்று கேட்டேன். அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மூன்று ஆட்கள் சேர்ந்து செய்யும் வேலை இது. முதலாவது ஆள், ஓடுகின்ற புரோகிராமுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய கண்காணி. ஒவ்வொரு பகுதியும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, இடையில் விழுந்ததா என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவது ஆள் தூரத்தில் இருக்கும் ஒரு சேர்வர். எல்லா இடத்துக் குறிப்புகளும் அங்கே வந்து சேர்ந்து கூட்டிக் கழிக்கப்படும். மூன்றாவது ஆள், எடிட்டரோடு இணைக்கப்பட்ட ஒரு துணை மென்பொருள். அது சேர்வரிடம் கேட்டு வாங்கி, எந்த எண் எந்தப் பகுதிக்கு உரியது என்று பெயர் பார்த்து அந்தந்த வரிக்கு மேலே கொண்டுவந்து வைக்கும். வாடிக்கையாளரிடம் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதையும் கண்காணி சேர்த்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் போன மாதத்துக் கோட்டுக்கு உரிய எண் இந்த மாதத்துக் கோட்டின் தலையில் வந்து நிற்கும்.

முன்பெல்லாம் எழுதுகிறவர் ஒரு அறையில், ஓட்டுகிறவர் இன்னொரு அறையில் இருந்தார்கள். ஓடுகின்ற புரோகிராமைப் பார்க்கும் திரை ஓட்டுகிறவரிடம்தான் இருந்தது. ஏதும் கோளாறு என்றால் அவர் ஒரு கடிதம் எழுதுவார், அது நாலு கை மாறி எழுதியவரிடம் வரும். அதற்குள் நடந்தது நடந்துவிடும். இந்த இரண்டு அறைக்கும் நடுவே இருந்த சுவரைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து வந்திருக்கிறார்கள். மைக்ரோசொப்டின் பெரிய எடிட்டரான விசுவல் ஸ்டூடியோவின் 2015 பதிப்பிலேயே, ஓடுகின்ற இணையத்தளத்துக்கு எத்தனை கோரிக்கை வந்தது, எத்தனை பிழைத்தது என்பதைக் கோட்டுக்கு மேலே காட்டும் வசதி வந்தது. இப்படிக் கண்காணிப்பதையே தொழிலாகக் கொண்ட நியூ ரெலிக் என்ற அமெரிக்க நிறுவனம் 2008 இல் தொடங்கப்பட்டது. 2021 இல் அது கோட்ஸ்ட்ரீம் என்ற சிறிய நிறுவனத்தை விலைக்கு வாங்கியதும், எடிட்டருக்குள் இருந்தே ஓடுவதைப் பார்ப்பதற்காகத்தான். அளந்து அனுப்பும் முறை கம்பனிக்குக் கம்பனி வேறாக இருந்ததைப் பொதுவாக்குவதற்கு 2019 இல் ஓபன்டெலிமெட்ரி என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அதை யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பாவிக்கலாம்.

எமது தொழிலில் சொல்வதென்றால், தையல்காரர் உடுப்பைத் தைத்துக் கொடுத்ததோடு அவருக்கும் அதற்கும் தொடர்பு முடிந்தது. போட்டவருக்குக் கை பிடிக்கிறதா, கழுத்து இறுக்குகிறதா என்பது அவருக்குத் தெரியாது. போட்டவர் திரும்பி வந்து சொன்னால்தான் உண்டு. இந்தக் கருவி அந்த உடுப்பு இறுக்கும் இடத்தைத் தையல் மெஷினுக்கு முன்னாலேயே காட்டுகிறது.

45 நிமிடத்தில் போன முதல்

"சின்னக் கடையில் ஒரு மெஷினை அப்டேட் பண்ண மறந்ததற்கு இவ்வளவு பேச்சா?" என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் இதே பிழையால் ஒரு பெரிய நிறுவனம் விழுந்த கதையை மருமகன் சொன்னபோது நான் வாயடைத்துப் போனேன்.

நைட் கெப்பிட்டல் என்பது நியூயோர்க் பங்குச் சந்தையில் பங்குகளை வாங்கி விற்கும் பெரும் தரகு நிறுவனங்களில் ஒன்று. 2012 ஓகஸ்ட் 1 ஆம் திகதி சந்தையில் ஒரு புதிய முறை தொடங்கவிருந்தது. அதற்காகப் புதிய புரோகிராமை எட்டுச் சேர்வர்களில் போட வேண்டியிருந்தது. ஏழில் போட்டார்கள். எட்டாவதில் போட மறந்துவிட்டார்கள். சரிபார்க்க இரண்டாவது ஆளும் இருக்கவில்லை. அந்த எட்டாவது சேர்வரில், 2003 இலேயே பாவனையை நிறுத்திய ஒரு பழைய பகுதி அழிக்கப்படாமல் கிடந்தது. காலை சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு கண்மண் தெரியாமல் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. 45 நிமிடத்தில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல். நட்டம் 46 கோடி டொலருக்கு மேல். அடுத்த வருடமே அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்துவிட்டது.

இதில் என்னை உலுக்கிய விடயம் வேறு. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையகம் 2013 இல் வெளியிட்ட உத்தரவில் இது எழுதப்பட்டிருக்கிறது. சந்தை திறப்பதற்கு முன்னரே, காலை 8 மணி தாண்டியதிலிருந்து, அந்தப் பழைய பகுதியின் பெயரைக் குறிப்பிட்டுப் பிழைச் செய்தி ஒன்று தானாகவே ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் போயிருக்கிறது. ஒன்றல்ல, 97 மின்னஞ்சல்கள். யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவை எச்சரிக்கையாக எண்ணி வடிவமைக்கப்பட்டவையும் அல்ல. வழமையாக வந்து குவியும் கடிதங்களோடு அவையும் கிடந்தன. கோளாறு தொடங்கிய பிறகும் எங்கே பிழை என்று தெரியாமல், சரியாக ஓடிய ஏழு சேர்வரிலிருந்தும் புதிய புரோகிராமைக் கழற்றினார்கள். நோய் எட்டுக்கும் பரவியது.

என் மெஷின் எழுதிய 600 வரியும் அவர்களுடைய 97 மின்னஞ்சலும் ஒரே ரகம். செய்தி இருந்தது. அதை வாசித்தால் விளங்கக்கூடியவரின் கண்ணில், அவர் வேலை செய்யும் இடத்தில், நேரத்தோடு படவில்லை.

தபாலகம் நடத்தியவர்களின் கதி

பணம் போவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு என்பதற்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே உப தபாலகங்களை நடத்தியவர்களில் பலர் எம்மைப் போன்ற சிறு கடைக்காரர்கள். கடையின் ஒரு மூலையில் தபாலகமும் இருக்கும். எமது உபகண்டத்திலிருந்து போய்க் குடியேறியவர்களும் அவர்களில் பலர். 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. செய்தது புஜிட்சு நிறுவனம். கணக்கில் பணம் குறைவதாகத் திரை காட்டியது. குறைந்ததைக் கையிலிருந்து கட்டச் சொன்னார்கள். கட்ட முடியாதவர்கள் மீது களவு, கள்ளக் கணக்கு என்று வழக்குப் போட்டார்கள். 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள்.

555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மென்பொருளில் கணக்கைக் குழப்பும் பிழைகள் இருந்தன என்று நீதிமன்றம் கண்டது. தெரிந்த பிழைகளுக்கென்று புஜிட்சு நிறுவனத்திடம் ஒரு பதிவேடே இருந்திருக்கிறது. கடையில் இருந்தவருக்கு அது காட்டப்படவில்லை. அதுமட்டுமல்ல, கடைக்காரருக்குத் தெரியாமல் தூரத்தில் இருந்தபடியே அவருடைய கணக்கில் கை வைக்கவும் அவர்களால் முடிந்திருக்கிறது. 2024 மே மாதம் தனிச் சட்டமே போட்டு அந்தத் தண்டனைகளை நீக்கினார்கள். இடையில் போன இருபது வருடத்தை எந்தச் சட்டத்தால் திருப்பிக் கொடுக்க முடியும்?

அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகுதான், மேசையில் திறப்பை வைத்துவிட்டுப் போன பையனுக்கு நான் அந்தத் தபால் நிறுவனம்தான் என்று உறைத்தது.

மறுபக்கமும் இருக்கிறது

ஒரு சாமானைப் புகழ்ந்தால் அதன் குறையையும் சொல்ல வேண்டும். மருமகனிடம் நேரடியாகவே கேட்டேன். "இந்தக் கருவி இருந்திருந்தால் என் 270,000 ரூபா தப்பியிருக்குமா?"

அவன் மறைக்காமல் சொன்னான். "தானாகப் பிடித்திருக்காது மாமா. புரோகிராம் விழவில்லை, தாமதிக்கவும் இல்லை. பிழையான கணக்கைச் சரியான வேகத்தில் போட்டிருக்கிறது. மூன்று எண்ணும் நல்லாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மூன்று மெஷினில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று அனுப்பியிருந்தால், ஒன்று பழையது என்று முதல் நாளே தெரிந்திருக்கும். அந்த எச்சரிக்கை வரியை எண்ணச் சொல்லியிருந்தால், ஒரு மணித்தியாலத்தில் எழுதியவரின் கண்ணில் பட்டிருக்கும். பில்லுக்கு எத்தனை வீதம் கழிவு போகிறது என்பதையும் எண்ணச் சொல்லலாம். ஆனால் அந்த எண் முக்கியம் என்று எங்களுக்கு யார் சொல்வது?"

அந்தக் கடைசிக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அளக்கச் சொன்னதைத்தான் கருவி அளக்கும். செக்கன் கணக்கும் பிழைக் கணக்கும் புரோகிராமருக்குத் தெரியும். புடவைக் கடையில் கழிவு 10 வீதத்தைத் தாண்டக் கூடாது, மருந்துக் கடையில் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது, ஹாட்வெயாரில் சீமெந்து வாங்கிய விலைக்குக் கீழே பில் விழக் கூடாது என்பதெல்லாம் எமக்குத்தான் தெரியும். நாம் வாயைத் திறந்து சொல்லாவிட்டால் உலகத்தில் எந்தக் கருவியும் அதைப் பார்க்காது.

வேறு குறைகளும் உண்டு. எழுதும் மேசையில் எந்த நேரமும் எண் துடித்துக்கொண்டிருந்தால் கவனம் சிதறும், எழுதுவதே பிழைக்கும் என்று சொல்லும் புரோகிராமர்கள் இருக்கிறார்கள். நியாயமான பேச்சுத்தான். கடையில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் முறையிட்டால் முதலாளி ஒன்றையும் கேட்கமாட்டார். 97 மின்னஞ்சலுக்கும் அதுதானே நடந்தது? ஆகவே எல்லாவற்றையும் காட்டாமல், எல்லை தாண்டியதை மட்டும் காட்டும்படி அமைக்க வேண்டும். சராசரி என்ற எண்ணும் ஏமாற்றும். 99 பில் ஒரு செக்கனில் விழுந்து, ஒரு பில்லுக்கு 101 செக்கன் எடுத்தால், சராசரி இரண்டு செக்கன் என்று அழகாகக் காட்டும். அந்த ஒரு வாடிக்கையாளர் சாமானை வைத்துவிட்டுப் போனது அதில் தெரியாது.

எமது கணக்கை அடுத்தவன் பார்ப்பதா என்ற பயமும் நியாயமானதே. யார் யார் எவ்வளவு கடன், யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதெல்லாம் எமது இரகசியம். வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அவருடைய சொத்து. எமது நாட்டிலும் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் 2022 இல் நிறைவேற்றப்பட்டது. எத்தனை தடவை ஓடியது, எத்தனை தடவை பிழைத்தது என்று அறிய யாருடைய பெயரும் தேவையில்லை. ஆகவே எண்கள் போகட்டும், பெயர்கள் கடையிலேயே இருக்கட்டும். அதோடு பார்ப்பது வேறு, கை வைப்பது வேறு. தூரத்திலிருந்து பார்க்க அனுமதி கொடுப்பவர், மாற்றுவதற்கும் சேர்த்து அனுமதி கொடுத்துவிடக் கூடாது. மாற்ற வேண்டிய தேவை வந்தால், யார், எப்போது, எதை மாற்றினார் என்பது எமக்கும் தெரியும்படி பதியப்பட வேண்டும். தபாலகக் கதையின் பாடம் அது.

வாங்கும்போது கேளுங்கள்

எம்மவர்கள் பில் மென்பொருள் வாங்கும்போது கேட்பது இரண்டே கேள்வி. "எவ்வளவு? கடைசி விலை என்ன?" திரை வடிவாக இருக்கிறதா, பில்லில் கடையின் பெயர் பெரிதாக விழுமா என்று பார்ப்போம். போட்ட பின்னர் அது எப்படி ஓடுகிறது என்பதை யார் பார்ப்பார்கள் என்று நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

இனிக் கேட்போம். முதலாவது, என் கடையில் உங்கள் புரோகிராம் பிழைத்தால், நான் தொலைபேசி எடுத்துச் சொல்ல முன்னர் உங்களுக்குத் தெரியுமா? இரண்டாவது, அது தெரிய வருவது யாருக்கு? தொலைபேசிக்குப் பதில் சொல்லும் பிள்ளைக்கா, எழுதியவருக்கா? மூன்றாவது, என் கடையில் உள்ள எல்லா மெஷினிலும் ஒரே பதிப்புத்தான் ஓடுகிறது என்பதை உங்கள் இடத்திலிருந்தே காட்ட முடியுமா? நான்காவது, என் வியாபாரத்தில் எல்லை தாண்டக் கூடாத இரண்டு மூன்று எண்களைச் சொன்னால் அவற்றையும் எண்ணுவீர்களா? ஐந்தாவது, என் கணக்கில் நீங்கள் கை வைத்தால் அது எனக்குத் தெரியுமா?

இதற்கெல்லாம் "ஆம்" என்று சொல்லும் கம்பனி கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். சிரித்து மழுப்பினால் அடுத்த கம்பனியைப் பாருங்கள். எமது நாட்டில் திறமைக்குக் குறைவில்லை. மாலபேயில் எம் நாட்டுப் பிள்ளைகள் உருவாக்கிய பங்குச் சந்தை மென்பொருளுக்காக, அந்த நிறுவனத்தையே 2009 இல் இலண்டன் பங்குச் சந்தை விலைக்கு வாங்கியது. அப்படிப்பட்ட நாட்டில் எமது கடைக்கு மட்டும் ஏன் போட்டுவிட்டு மறந்துவிடும் வேலை நடக்கிறது? நாம் கேட்பதில்லை. அதனால்தான்.

ஒரே ஒரு மெஷின் வைத்து வியாபாரம் செய்யும் சகோதரருக்கு இவ்வளவும் தேவைப்படாது என்பது எனக்கும் தெரியும். அவர் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு நாளும் கடை மூட முன்னர் மூன்று பில்லை எடுத்து, கையால் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஐந்து நிமிட வேலை. நான் அதைச் செய்திருந்தால் இரண்டாம் நாளே தெரிந்திருக்கும்.

நான் இப்போது வேறு கம்பனியின் மென்பொருளைப் பாவிக்கிறேன். எழுதும் பிள்ளை கண்டியில் ஒரு சிறிய அறையில் இருந்து வேலை செய்கிறார். கழிவு 12 வீதத்தைத் தாண்டினால் அவருடைய எடிட்டரில், அந்தக் கழிவுப் பகுதிக்கு மேலே குறிப்பு ஒன்று விழும்படி அமைத்திருக்கிறார். போன மாதம் ஒரு நாள் காலை அவரே அழைத்தார். "நானா, இரண்டாவது மெஷினில் ஒரு பில்லுக்கு 40 வீதம் கழிந்திருக்கிறது, பாருங்கள்" என்றார். பார்த்தேன். கறை பட்ட ஒரு கட்டுச் சாரத்தைக் குறைத்து விற்கும்படி நானே சொல்லியிருந்தேன். கெஷியர் பிள்ளையிடம் நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை.

ஆகவே, அடுத்த தடவை ரிப்போர்ட்டில் ஒரு எண் பிசகினால், முதலில் மெஷினை எழுதியவரைக் கூப்பிடுங்கள். பையனை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.